வராதீங்க மிஸ்ஸியை அளந்தவர்

அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸாக இருந்த தேன்மொழி மிஸ்ஸி லாபிஸைவிட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் வியாழக்கிழமை ரயில்களில் நிற்க இடமிருக்காது. என் அண்ணன் குணாளன் ஜொகூர் பாருவில் தன் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டிலிருந்த அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மிஸ்ஸியிடம் இரண்டு பைகளும் அட்டைப்பெட்டியில் கட்டிய ஒரு ரைஸ் குக்கரும் இருந்தன. கடல் தாண்டிச் சபாவில், தாவாவ் பக்கம் வேலை மாற்றல். கெமாஸில் இறங்கி, கோலாலம்பூர் போய், அங்கிருந்து விமானம்.

"கெமாஸ்ல எறங்குனதும் பஸ் நிக்கிற எடம் எங்கன்னு கேட்டுக்குங்க," என்றார் அண்ணன்.

"சொல்லிட்டீங்க சார்."

"ஏர்போட்ல எடை பாப்பாங்க. குக்கரக் கையில வச்சுக்குங்க."

"அதையும் சொல்லிட்டீங்க."

"தண்ணி போத்தல்?"

மிஸ்ஸி, பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்பா, இவரு வேற ஏதாச்சும் பேசுவாரா, இல்ல இப்படியேதானா?"

"பொறந்ததுலேருந்து இப்படியேதாம்மா," என்றார் அப்பா.

ரயில் வந்தது. அண்ணன் பைகளை ஏற்றினார், குக்கரை ஏற்றினார், இறங்கிக்கொண்டார். கதவருகே கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற மிஸ்ஸி குனிந்து சொன்னார்: "ஒங்க கணக்கு சரியா வந்ததும் சொல்லுங்க சார். நான் வந்துடுறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கதவு மூடிக்கொண்டது. அண்ணன் ஒரு கையைத் தூக்கினார். ரயில் வளைவில் மறைந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லையாம். "போன பஸ்ஸ நிறுத்துறவன் மாதிரி நின்னான்," என்று பிற்பாடு அப்பா எழுந்து நின்று செய்தே காட்டினார்.

நான் அப்போது ஊரில் இல்லை. பிரவீனா எங்கே என்று யாராவது கேட்டால் அப்பா உலக உருண்டையைச் சுற்றிவிடுகிற மாதிரி கையைச் சுழற்றுவார், அவ்வளவுதான் பதில். ஒரு வருஷம் மலையூர் விடுதியில் படுக்கை விரித்தேன், ஒரு வருஷம் திராட்சை பறித்தேன், துறைமுக ஊர்களில் பாத்திரம் கழுவினேன். எட்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அப்பா சொன்னதும், பக்கத்து வீட்டு மலர் அக்கா சொன்னதும், அண்ணன் பாதி சொல்லி நிறுத்தியதும் சேர்ந்துதான் இந்தக் கதை என்னிடம் வந்தது.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் அப்பா வீரமுத்து, செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். அம்மா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. ஆஸ்பத்திரி வார்டில், சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால், ஒரு மலாய்க்கார நர்ஸ் அம்மாவின் தலையைச் சீவி, சிக்கெடுத்து, பின்னல் போட்டு முன்பக்கமாக எடுத்துவிட்டார். யாரும் செய்யச் சொல்லவில்லை. அண்ணன் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நர்ஸின் பெயர் அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்து, ஜொகூர் பாருவில் அரசாங்க வேலை கிடைத்து, எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது, யாரும் கேட்டு வாங்காத ஒரு பிரிவை அவர் கேட்டு வாங்கினார்.

அந்தப் பிரிவின் வேலையைக் கல்யாண வீடுகளில் விளக்கி அவர் பட்ட பாடு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஒரு முறை பந்தியில் பெரியப்பா கேட்டார்.

"தம்பி, அங்க என்னதான் வேல?"

"நாட்டுல ஒரு வருசத்துல எவ்வளவு உற்பத்தி ஆச்சுன்னு கணக்குப் போடுவாங்க பெரியப்பா. ரொட்டி சானாய்க்கு வெல இருக்கு, டயருக்கு வெல இருக்கு. கூட்டிடலாம். கவர்மெண்டு ஸ்கூலு, கிளினிக்கு, இதுக்கெல்லாம் வெல இல்ல. அதுங்க எவ்வளவு செஞ்சுச்சுன்னு அளக்குறதுதான் என் வேல."

"கவர்மெண்டு எவ்வளவு வேல செய்யிதுன்னா?"

"ஆமா."

"அலாமாக்! அதுக்கு ஆபீசு எதுக்குடா? சைபர்னு எழுதிட்டு வீட்டுக்குப் போ!"

பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து என்னிடம், அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, ரொம்ப நேரம் பேசினார். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு ரிங்கிட் கொடுக்கிறோம். அந்த ஒரு ரிங்கிட்டா அங்கே கிடைக்கிற வைத்தியத்தின் விலை? இல்லை. அதனால் செலவை எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளம், மருந்து, கட்டடத்தின் தேய்மானம் எல்லாம் கூட்டி, இதுதான் அந்தக் கிளினிக் தந்த சேவை என்று எழுதிவிடுகிறார்கள். "அப்ப மிஸ்ஸி ஓடியாடி வேல செஞ்சாலும் சும்மா ஒக்காந்திருந்தாலும் ஒரே கணக்குதான்," என்றார் அண்ணன். "அம்மாவுக்குத் தல சீவி விட்டாங்களே, அது எங்கயும் இல்ல." எனக்கு அப்போது தூக்கம் வந்தது.

நான் ஊரைவிட்டுப் போன மூன்றாவது வருஷம், எனக்காக நேர்ந்துகொண்டு, அப்பா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். வெறுங்கால், உச்சி வெயில், தார் ரோடு. அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, பல வருஷமாக உண்டு. காலில் சூடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, கறுக்க ஆரம்பித்தபோதுதான் மலர் அக்கா அப்பாவைப் பிடித்துக் காரில் ஏற்றினார். மலர் அக்கா லாபிஸுக்கு வெளியே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன அரசாங்கக் கிளினிக்கில் உதவியாளர். அங்கே புண் கட்டுகிற மிஸ்ஸிதான் தேன்மொழி. கெலாங் பாத்தாவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவரின் மகள். கிளினிக் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

அந்தக் காலத்தில் அண்ணன் வாரம் தவறாமல் லாபிஸுக்கு வருவார். முதல் வாரமே மிஸ்ஸி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் மகனா? வாட்ச கழட்டுங்க."

"எதுக்கு மிஸ்ஸி?"

"கை கழுவறதுக்கு. இனிமே வீட்டுல நீங்கதான் கட்டணும். நான் பாக்க, இங்க ஒரு வாட்டி செஞ்சு காட்டுங்க."

"நான் கணக்கு வேல பாக்குறவன் மிஸ்ஸி. ரத்தம் பாத்தா எனக்கு..."

"மயக்கம் வந்தா அந்தப் பக்கமா விழுங்க. இந்தப் பக்கம் ட்ரேயில சாமான் இருக்கு."

அண்ணன் மயங்கவில்லை. உப்புநீரால் கழுவி, பஞ்சுத் துணியால் ஒற்றி, கட்டிக் காட்டினார். மிஸ்ஸி அவிழ்த்துப் பார்த்தார். "விரல் இடுக்குல ஈரம். இன்னொரு வாட்டி." மூன்று முறை கட்டி அவிழ்த்த பிறகுதான் அப்பாவின் கால் வீட்டுக்கு வந்தது. அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில் மலர் அக்கா கட்டினார்.

மிஸ்ஸியின் வழக்கம் அதுதான். புண்ணோடு வருகிறவரின் வீட்டு ஆள் ஒருவரைப் பிடித்து, தன் கண் முன்னால் கட்ட வைப்பார். அப்புறம் தினமும் போனில் படம் அனுப்பச் சொல்வார். படத்தைப் பார்த்துவிட்டு அவர் அனுப்புகிற பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தை: வராதீங்க. கிளினிக் பத்து மைல் தூரம். தோட்டத்து ஆட்களுக்கு ஒரு நாள் வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு, நடந்து வந்தால் புண்ணுக்கும் கேடு. படம் மோசமாக இருந்தால் மிஸ்ஸியே மோட்டார் சைக்கிளில் போய் நிற்பார். ஆரம்பத்தில் சில கிழவர்களுக்குக் கோபம். "கவர்மெண்டு கிளினிக்குக்கு வரவேணாம்னு சொல்ல இவ யாரு?" என்று அர்ச்சுனன் என்கிற ஒரு தாத்தா வாசலிலேயே கத்தியிருக்கிறார். அவர் கால் ஆறிய பிறகு அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். வராதீங்க மிஸ்ஸி.

அப்பாவின் விரல் பிழைத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்று சொன்ன விரல். ஆறிவிட்டது என்று மிஸ்ஸி கைதட்டிச் சொன்ன அன்று அண்ணன் முகத்தில் சந்தோஷமே இல்லை என்று மலர் அக்கா சொன்னார். "இனி கிளினிக்குக்கு வர காரணம் இல்லியே. அந்த மொகத்த நீ பாத்திருக்கணும் பிரவீ. ரிசல்ட்டு கெட்டவன் மாதிரி."

அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அங்கேதான் தவறு நடந்தது.

அண்ணனின் அலுவலகத்தில் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. அரசாங்கச் சேவையைச் சம்பளத்தால் அளக்காமல், உண்மையில் எத்தனை சேவை நடந்தது என்று எண்ணிப் பார்ப்பது. எத்தனை முறை புண் கட்டினார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள், எத்தனை கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஆகும் செலவுக்குத் தக்கபடி எடை கொடுத்துக் கூட்டினால், கிளினிக் வருஷத்துக்கு வருஷம் கூடுதலாகச் செய்ததா குறைவாகச் செய்ததா என்று தெரியும். உலகத்தில் பல இடங்களில் இப்படித்தான் அளக்கிறார்கள். மாதிரிக்குச் சில கிளினிக்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் தேன்மொழி மிஸ்ஸியின் கிளினிக்கை எழுதினார். பதினேழு வயதிலிருந்து அவர் மனசில் கிடந்தது இதுதான். சம்பளச் சீட்டுக்குள் அடங்காத வேலையை யாராவது எண்ண வேண்டும்.

கிளினிக்குக்கு எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு அதை மிஸ்ஸியிடம் சொல்லியும் இருக்கிறார்.

"இனிமே நீங்க செய்யிறது நாட்டுக் கணக்குல வரும் மிஸ்ஸி."

"சம்பளம் ஏறுமா?"

"அது வேற. இது வந்து..."

"அப்ப டீக்கு நீங்களே காசு குடுங்க சார்."

ஒரு வருஷத்துத் தகவல் வந்து சேர்ந்தது. அண்ணன் கூட்டிப் பார்த்தார். மிஸ்ஸியின் கிளினிக்கில் சேவை அளவு படுத்துவிட்டிருந்தது. வேறோர் ஊரில், ஒரே புண்ணை ஒன்றுவிட்டு ஒரு நாள் வரவழைத்து மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த பெரிய கிளினிக், வானத்தைத் தொட்டது. புண் கட்டுதலுக்கு எடை அதிகம். ஆறாத புண் நூறு முறை கட்டப்படுகிறது, நூறு முறை எண்ணப்படுகிறது. மிஸ்ஸியின் புண்கள் சீக்கிரம் ஆறின. வீட்டில் மகன்களும் மனைவிமாரும் கட்டியது கணக்கில் இல்லை. போனில் வந்த படங்கள் கணக்கில் இல்லை. வராதீங்க என்ற பதில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

காரணம் அண்ணனுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அட்டவணையின் கீழே, இந்த இறக்கம் தரம் உயர்ந்ததால் வந்தது, ஆட்களை அமர்த்தும் முடிவுகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக எழுதினார். அவர்கள் உலகத்தில் அப்படி எழுதினால் போதும், படிக்கிறவர் கீழ்க்குறிப்பைத்தான் முதலில் படிப்பார். வெளியே யாரும் அப்படிப் படிப்பதில்லை. அட்டவணையை ஒருவர் படமாக்கினார், படத்தை இன்னொருவர் கூட்டத்தில் காட்டினார், குறிப்பு வழியில் எங்கோ கழன்றது. எங்கோ ஒரு மேசையில், வேலை குறைந்த இடத்திலிருந்து ஒரு மிஸ்ஸியை எடுத்து ஆளில்லாத இடத்துக்கு அனுப்பலாம் என்று யாரோ நினைத்தார். அப்படி நினைத்ததும் நியாயம்தான். சபாவில் உண்மையாகவே ஆள் போதவில்லை.

மாற்றல் உத்தரவு வந்த வாரம் அண்ணன் எல்லாவற்றையும் மிஸ்ஸியிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டார். மிஸ்ஸி உத்தரவை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு, "ஒழுங்கா வேல செஞ்சா இதான் சார்," என்று மட்டும் சொன்னார். அப்பாதான் பொறுக்கவில்லை.

"என் காலக் காப்பாத்துனவள நீ கணக்குப் போட்டு அனுப்பிட்டியாடா?"

"கணக்குல தப்பு இல்லப்பா. அளந்த விதம்..."

"வெளங்காதவனே! கொதிகலன்ல மீட்டர் தப்புன்னா மீட்டர மாத்துவோம். நீ கொதிகலன மாத்திட்ட!"

அடுத்த மாதம்தான் அந்த வியாழக்கிழமை. கணக்கு சரியா வந்ததும் சொல்லுங்க, நான் வந்துடுறேன். கேலியா, கோபமா, வேறு ஏதாவதா என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, மலர் அக்காவுக்கும் தெரியவில்லை. அண்ணன் அதை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டார். கணக்கைச் சரி செய்தால் அவர் வருவார். மற்ற எதையும் அவர் யோசிக்கவில்லை.

அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி பிரேமளா, யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம், ஓய்வுக்குச் சில வருஷங்களே இருந்தன. அண்ணன் சலிக்காமல் அவர் அறைக் கதவைத் தட்டினார். கட்டிய முறைகளை எண்ண வேண்டாம், ஆறிய புண்களை எண்ணுவோம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு வைத்தியம் ஒன்று. இதுதான் அவர் யோசனை.

"குணா, நான் உங்களை நம்புறன்," என்பாராம் பிரேமளா. "ஆனா நம்புறதை எந்தக் கட்டத்தில எழுதுறது? ஒரு கால் ஆறினால் அதுக்கு மிஸ்ஸி காரணமோ, வீட்டில துடைச்சுவிட்ட மகன் காரணமோ? பிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

அந்த மகன் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக்குத் தீபாவளி சபாவிலிருந்து ஒரு செய்தி வரும். வாழ்த்து, அதன் கீழே ஒரு கேள்வி: கணக்கு? அண்ணன் பதில் எழுதுவார்: இன்னும் இல்லை. அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பேச்சு. இடையில் அழைக்கலாம், ஒரு வணக்கமாவது சொல்லலாம். அவர் செய்யவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று நினைத்திருக்கிறார்.

பிறகு கோவிட் வந்தது. கிளினிக்குகளில் அவசரமில்லாத எல்லாரையும் வராதீர்கள் என்றார்கள். நாடு முழுவதும் வருகைகள் விழுந்தன. மிஸ்ஸிகளோ முன் எப்போதும் இல்லாத அளவுக்குப் போனிலும் வாசல்களிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வருகையை எண்ணினால் சுகாதாரச் சேவையே நின்றுபோன மாதிரி தெரிந்தது. ஒருநாள் பிரேமளாவே கூப்பிட்டார். "குணா, உங்கட வராதீங்க மிஸ்ஸி இப்ப நாடு முழுக்க இருக்கிறா. அந்தப் பழைய யோசனையை எடுத்துக்கொண்டு வாங்கோ."

அந்த வருஷத் தீபாவளிச் செய்திக்கு அவர், ஆரம்பிச்சிருக்கோம், என்று பதில் எழுதினார். மிஸ்ஸி ஒரு சிரிப்பு முகம் அனுப்பினார். அண்ணன் வாழ்க்கையில் அந்தச் சிரிப்பு முகம் ஒரு வருஷம் ஓடியது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த செய்தியில் வாழ்த்து மட்டும் இருந்தது. கேள்வி இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் நான் திரும்பினேன். வீட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. அண்ணன் வாரக் கடைசியில் வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவின் இரண்டு பாதங்களையும் கழுவி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டு வருவார். எதற்கு என்று கேட்டால், "சும்மா நடக்கத்தான்." இரட்டைத் தண்டவாளம் போட்டு ஸ்டேஷனே புதுசாகிவிட்டது. அவர் நின்ற பழைய நடைமேடை இருந்த இடத்தை எனக்குக் கையால் காட்டினார்.

"பேசித் தொலைண்ணா," என்றேன் ஒருநாள். "போன் இருக்கு, நம்பர் இருக்கு."

"கணக்கு முடியட்டும்."

"அவங்க சும்மா கேலிக்குச் சொன்னாங்க லா! அத யாராச்சும் புடிச்சுக்கிட்டு இருப்பாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "சும்மாதான் சொல்லியிருப்பாங்களா பிரவீ?"

அதை அவர் கேட்ட விதத்தில், இத்தனை வருஷமும் ராத்திரிகளில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது அது என்று தெரிந்தது. நான் துணி காயவைக்க வெளியே போய்விட்டேன். எத்தனையோ ஊர்களில் நான் ரயில் ஏறியிருக்கிறேன். கையசைத்தவர்கள் அப்புறம் எந்தப் பக்கம் நடந்து போனார்கள் என்று ஒரு முறையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கொடியில் சட்டைகளைப் போட்டுக்கொண்டே அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பாதி முகங்கள் வரவில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிகிற சமயம் அப்பா இறந்தார். காலையில் கோப்பியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. குளிப்பாட்டியபோது அண்ணன் யாரையும் பாதத்தைத் தொடவிடவில்லை. வழக்கமாகக் கழுவுகிற மாதிரியே கழுவினார். விரல் இடுக்குகளைத் துடைத்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்தார்கள். அண்ணன் குனிந்தார். இடது விரலோடு வலது விரலைச் சேர்த்தார். அந்த வலது விரலின் அடியில் ஆறிய தழும்பு வெளுப்பாக இருந்தது. கட்ட ஆரம்பித்தவர் கட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குக்கூட அவர் அழவில்லை என்று சொல்வார்கள். மலர் அக்கா வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "கட்டுங்க தம்பி. கட்டுறதுக்கு ரெண்டு வெரல் இருக்குல்ல. கட்டுங்க."

காரியம் முடிந்த அன்று அண்ணன் முதல் முறையாகத் தானாக ஒரு செய்தி அனுப்பினார். என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். அப்பா போய்விட்டார் மிஸ்ஸி. இரண்டு காலோடு போனார்.

ஒற்றை டிக் விழுந்தது. மறுநாளும் ஒற்றை டிக். ஒரு மாதம் கழித்தும் ஒற்றை டிக். அழைத்துப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். மலர் அக்காவிடமும் வேறு எண் இல்லை. தாவாவில் விசாரித்ததில், அவர் அங்கிருந்து ஆற்று வழியாகப் போகிற ஓர் உள்கிராமத்துக்கு எப்போதோ மாறிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது.

அந்த வருஷக் கடைசியில் கணக்கு சரியாக வந்தது. அதிகாரபூர்வமான கணக்கில் சேரவில்லை, சோதனை அட்டவணை என்று தலைப்பிட்டுத் தனியாக வைத்தார்கள். ஆறிய புண்ணை ஒரு முழுச் சேவையாக எண்ணி, போன் படங்களையும் வாசல் வருகைகளையும் சேர்த்து, அதே வயது, அதே நோய் உள்ளவர்களுக்கு வேறு இடங்களில் என்ன ஆனது என்று ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். மகன் துடைத்ததையும் மிஸ்ஸி கற்றுக்கொடுத்ததையும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை என்று அண்ணனே எழுதினார். இந்த முறை அதைக் கீழே போடாமல் முதல் பக்கத்தில் போட்டார். பழைய அந்த வருஷத்தையும் புது முறையில் போட்டுப் பார்த்தார். லாபிஸுக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன கிளினிக்கின் கோடு மேலே ஏறியது.

பிரேமளா ஓய்வுபெறுவதற்கு முதல் நாள் அதில் கையெழுத்துப் போட்டார். "இனி யாருக்குச் சொல்லோணுமோ அவவுக்குச் சொல்லுங்கோ," என்றாராம். சொல்ல எண் இல்லை என்று அண்ணன் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, கோட்டின் படத்தை என்னிடம் காட்டினார். "ஏறிடுச்சு பாத்தியா," என்றார். நான் பார்த்தேன். நீலக் கோடு. அதை அந்தப் பழைய எண்ணுக்கும் அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட வந்தார். இரண்டு செய்திகள், இரண்டு ஒற்றை டிக்.

நான் மறுபடியும் கிளம்புவதாக இருந்தேன். கிளம்பவில்லை. ஜொகூரில் வார விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறியது. அண்ணன் இப்போது வெள்ளிக்கிழமை இரவுதான் வீடு வருகிறார். கழுவ அப்பாவின் கால் இல்லை என்றாலும் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நிற்பார்.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை. மலர் அக்கா கோயிலிலிருந்து வருகிற வழியில் வேலியோரம் நின்று, "ஒன் அண்ணன் நம்பர ஒருத்தங்களுக்குக் குடுத்திருக்கேன், திட்டாத," என்று சொல்லிவிட்டு, யார் என்று கேட்பதற்குள் வீட்டுக்குள் போய்விட்டார். மத்தியானம் அண்ணனின் போன் சத்தம் போட்டது. தெரியாத எண். அவர் திரையைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடி கார்ல இருக்கு. நீயே படி."

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் படித்தேன்.

"நான் தேன்மொழி. இது புது நம்பர். படகுல போகும்போது போன் ஆத்துல விழுந்துடுச்சு, எல்லா நம்பரும் அதோட போச்சு. நேத்துதான் மலர் அக்காவ கண்டுபிடிச்சேன். அப்பா போனத சொன்னாங்க. ரெண்டு விரலையும் சேத்துக் கட்டுனீங்களாமே. ராத்திரி முழுக்க அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். கணக்கு என்னாச்சுன்னு இனிமே கேக்க மாட்டேன் குணா. என்னை இங்கேருந்து இப்போதைக்கு விட மாட்டாங்க. லீவு போட்டுட்டு நீங்க வாங்க."